ஐஸ் பேக்டரிக்கு வரவேண்டிய கரண்டு

உக்காருங்க தம்பி. ஏணியை அந்தச் சுவத்துல சாத்தி வைங்க, அது எங்கயும் ஓடிறாது. பில்லு கட்டலைன்னு பியூஸைப் பிடுங்கத்தான் வந்திருக்கீங்கன்னு உங்க வண்டி வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. பிடுங்குங்க, நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். உங்க வேலை அது. ஆனா கொஞ்ச நேரம் பொறுங்க. கடைசி வரிசை டின்னுல இன்னும் நடுப்பாகம் உறையல. பாதி உறைஞ்ச பாளத்தை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

நான் கத்திப் பேசுதேன்னு தப்பா நினைக்காதீங்க. கம்ப்ரஸர் ஓடுதுல்லா. இதுக்குப் பக்கத்துலயே நின்னு பேசிப் பேசித் தொண்டை இப்படி ஆகிப்போச்சு. என் பொண்டாட்டி கித்தேரி இதுக்கு நேர் எதிர். மெல்லத்தான் பேசுவா. வீடு இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான், பின்கதவைத் திறந்தா அடுக்களை. அங்க நின்னு அவ ஏதாவது கேப்பா. நான் இங்க நின்னு "என்ன? என்னது?"ன்னு கத்துவேன். கடைசில அவளே வந்து என் தோளைத் தொட்டுச் சொல்லிட்டுப் போவா. இப்ப அவ இல்ல. அதைத்தான் சொல்ல வாரேன், இருங்க.

அந்தா, ஜன்னல் வழியா தெரியுது பாருங்க, கடலோரமா ரெண்டு உருண்டைக் கோபுரம். அணு உலை. நீங்க புதுசா மாத்தலாகி வந்த ஆளு, உங்களுக்குத் தெரியாது. அது அங்க வரும்போது இந்த ஊருல அதுக்கு ஆதரவாப் பேசின ஒரே ஆளு நான்தான். சந்தியாகுன்னு சொன்னா இப்பவும் நாலு ஊருக்குத் தெரியும், நல்லதாத் தெரியுமான்னு கேக்காதீங்க.

பள்ளிக்கூடத்து மைதானத்துல பந்தல் போட்டுக் கருத்துக் கேக்குறோம்னு கூட்டம் வச்சாங்க. மேடைல கிருபாகரன்னு ஒரு இஞ்சினியர் பேசினாரு. கடலூர்ப் பக்கம், தங்கமான மனுஷன். உலை ஓட ஆரம்பிச்சா ஒரு யூனிட்டு கரண்டு இவ்வளவு காசுக்குத் தயாராகும்னு சொன்னாரு. நான் அப்படியே நிமிந்து உக்காந்துட்டேன் தம்பி. அப்ப நான் கட்டிக்கிட்டிருந்த ரேட்டுல அது பாதி கூட இல்ல. ஐஸுன்னா என்ன? தண்ணிக்குக் காசு கிடையாது. கூலி பெருசா கிடையாது. ஐஸுங்கறதே உறைஞ்ச கரண்டுதான். கரண்டு பாதி விலைக்குக் கிடைச்சா கடக்கரையில ஒருத்தன் என் பக்கத்துல நிக்க முடியுமா?

ஊர் முழுக்க எதிர்ப்பு. கடல் சுடும், மீன் செத்துப்போகும்னு ஒரே கூச்சல். நான் எந்திரிச்சு மைக்கை வாங்கினேன். "எனக்குச் சம்மதம். எங்க ஊருக்குக் கரண்டு சல்லிசாக் கிடைக்கும், ஐஸ் சல்லிசாக் கிடைக்கும், உங்க மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். யோசிங்க"ன்னு சொன்னேன். ஒரு கை தட்டல. கித்தேரி பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தா. அவளுக்கு இடமும் வலமும் இருந்தவளுவ மெதுவா நகந்து உக்காந்ததை அவ வீட்டுல வந்துதான் சொன்னா. நான் அதைக் காதுலயே வாங்கல. என் மண்டைக்குள்ள ரெண்டாவதா ஒரு ஐஸ் தொட்டி ஓடிக்கிட்டிருந்துச்சு.

ஆமா, இந்தா பாக்கீங்களே, இந்தப் பெரிய தொட்டி. இது அப்பக் கட்டினது. கித்தேரி கழுத்துல கையில கிடந்ததை எல்லாம் வச்சுக் கட்டினேன். கரண்டு விலை இறங்கின பிறகு கட்டலாம்லான்னு அவ கேட்டா. விலை இறங்கின பிறகு எந்த மடையனும் கட்டுவான், அதுக்கு முன்னாடி கட்டுறவன்தானே கெட்டிக்காரன்?

ஊர்க் கமிட்டி கூடி என்னை விலக்கி வச்சுட்டானுவ. ஒரு படகும் என்கிட்ட ஐஸ் வாங்கக்கூடாது. நல்லது கெட்டதுக்கு என் வீட்டுப்படி ஏறக்கூடாது. நானும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. தப்புன்னு கோயில் முன்னாடி நின்னு ஒரு வார்த்தை சொல்லி, தண்டம் கட்டினா சேத்துக்குவாக. அதுதான் இந்தக் கடக்கரைல வழக்கம். பக்கத்து டவுன்ல இருந்து லாரில ஐஸ் வந்துச்சு, என் ரேட்டை விடக் கூட. கூடக் காசு குடுத்து, வாரவழில பாதி உருகினதை வாங்கிக்கிட்டுப் போனானுவ, கிறுக்கனுவ. ஒரு வீம்புக்காக இப்படி நட்டப்படுற ஆளுகளை நீங்க பாத்திருக்கீங்களா?

கிருபாகரன் சார் மட்டும் சாயங்காலம் வருவாரு. இந்த ஊருல அவருக்கு டீ குடுக்குற வீடு எங்க வீடு ஒண்ணுதான். இந்தப் பலகைலதான் உக்காருவாரு. அவருகிட்ட நான் படிச்ச படிப்பு கொஞ்ச நஞ்சமில்ல தம்பி. நிலக்கரி உலைன்னா கட்டுறது சல்லிசு, ஆனா தினம் தினம் கரி வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்கணும். அணு உலை அப்படி இல்ல. செலவெல்லாம் முதல்லயே முடிஞ்சுபோகும். கட்டி முடிச்சுட்டா அப்புறம் எரிபொருள் செலவு ஒண்ணுமே இல்லாத மாதிரி. "அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க சார், முதல்லதான் செலவு"ன்னேன் நான். உள்ளேருந்து கித்தேரி சொன்னா, "பொண்டாட்டி வந்தப்புறம் செலவு இல்லைன்னு இவுகளுக்கு யாரு சொன்னா?" சார் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவ அப்படித்தான், கம்மியாப் பேசுவா, பேசினா சரியா இருக்கும்.

இன்னொரு நாளு அவ கேட்டா. "ஓட்டி ஓட்டி அது கிழடாப் போனப்புறம் அதை என்ன செய்வாங்க சார்?" சார் பதில் சொன்னாரு. பிரிக்கணும், உள்ள இருக்கிற கழிவைப் பத்திரமா வைக்கணும், அதுக்குத் தனியா பணம் ஒதுக்கணும், ரொம்ப காலம் காவல் காக்கணும்னு. "அப்ப அது முடியாத செலவுல்லா"ன்னா. நான் அதட்டினேன். படிச்சவுக பேசும்போது பொம்பளை குறுக்க வரலாமா?

இன்னொண்ணு சொன்னாரு. அதுதான் முக்கியம். அணு உலை நிறுத்தி நிறுத்திப் போடுற சாமான் இல்ல. இவ்வளவு காசைக் கொட்டிட்டு அதை நிறுத்தி வச்சா கட்டுப்படியாகாது. ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கணும், ஓட ஓடத்தான் போட்ட காசு திரும்பும். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்குன்னு பிடிச்சுக்கிச்சு. வாங்க ஆளில்லையேன்னு அதுவரைக்கும் நான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டிக்கிட்டிருந்தேன். அன்னைக்கே ரெண்டு தொட்டியையும் முழுசா ஓட விட்டேன். அதுக்கப்புறம் இந்தக் கம்ப்ரஸர் நின்னதே இல்ல. அப்பன் வச்சுட்டுப் போன நிலத்தை வித்து வித்துப் பில்லு கட்டினேன்.

ஐஸ் என்ன ஆச்சுன்னு கேக்கீங்களா? உருவி எடுத்துப் பின்னால மணல்ல தள்ளுவேன். உருகிக் கடலுக்குப் போகும். தெருப் பிள்ளைக வந்து துண்டு பொறுக்கும், அதுக அம்மைமார் வந்து முதுகுல ஒண்ணு வச்சு இழுத்துட்டுப் போவாளுவ. சிரிக்காதீங்க. தயாரா இருக்கணும்லா? கரண்டு விலை இறங்குற அன்னைக்கு நான் தொட்டியைக் கழுவிக்கிட்டா நிக்க முடியும்?

ஆனா உலை ஓடணுமே. இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே போச்சு. சாமான் வரலைம்பாக. வந்தது சரியில்லைம்பாக. ஊர்க்காரனுவ படகுல போயி உலையை மறிப்பானுவ. சோதனைம்பாக. வேலை நின்னாலும் வாங்கின கடனுக்கு வட்டி நிக்காதுல்லா? அதையும் கட்டுமானச் செலவுலதான் சேப்பாங்களாம். முதல்ல மேடைல சொன்ன ரேட்டு போயி அடுத்த ரேட்டு வந்துச்சு, அதுவும் போயி அடுத்தது. சாரே சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்குவாரு. நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். "சார், இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனி விட முடியுமா?"ன்னு.

கித்தேரிக்கு இந்த ஊருதான் பிறந்த ஊரு. நான் மணப்பாட்டுப் பக்கத்துல இருந்து வந்தவன். எனக்குப் பேச ஆளில்லைன்னா மிஷினு இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா? பிள்ளையும் இல்ல எங்களுக்கு. தண்ணிக் குழாய்க்குப் போனா வரிசை தானா விலகும். பூசைக்குப் போனா பெஞ்சுல அவ மட்டும். கூடப் பிறந்த தம்பி இன்னாசி, அவ தூக்கி வளத்த பய, ரோட்டுல பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவான். எதிர்த்த வீட்டு லூசம்மா சின்ன வயசுல அவகூட ஒண்ணாக் கோயில்ல முதல் நன்மை வாங்கினவ, அவ ஜன்னலைச் சாத்திக்குவா. "போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்"னு என்கிட்ட வந்து தோளைத் தொடுவா. இன்னும் ஒரு வருஷம் பொறு, அவனுவளே ஐஸுக்கு வந்து நிப்பானுவம்பேன். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னேன். "காத்திருக்கிறது நீங்கன்னு நினைக்கீங்க"ன்னா ஒருநாள். என்ன சொல்லுதான்னு எனக்கு விளங்கல. மிஷின் இரைச்சல் வேற.

அப்புறம் அவளுக்கு நெஞ்சு வலி வர ஆரம்பிச்சுச்சு. டாக்டர் மாத்திரை குடுத்தாரு. ஒரு மத்தியானம், நான் இங்க பாளம் உருவிக்கிட்டிருந்தேன். வேலை முடிஞ்சு சாப்பிட உள்ள போறேன், அடுக்களைல கிடக்கா. பின்கதவைப் பாத்து ஒரு கை நீட்டினபடி கிடக்கா. உடம்பு ஆறியே போச்சு.

இதுல ஒரு விஷயம் கேளுங்க. இதைக் கேட்டா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும். அவ கூப்பிட்டிருக்கா தம்பி. "இஞ்சேருங்க, இஞ்சேருங்க"ன்னு. எதிர்த்த வீட்டு லூசம்மா தன் காதால கேட்டிருக்கா! அவளே பின்னால இன்னாசிகிட்டச் சொல்லி அழுதிருக்கா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கா, கதவைத் திறக்கல. ஊர்க் கட்டுப்பாடாம். மனுஷியா அவ? ஒரு உசுரு போகுது, ஒரு எட்டு வந்து பாக்கமாட்டாளா? இன்னைக்கு வரைக்கும் அவ முகத்தைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

நானா? நான் இங்கதான் இருந்தேன். இங்கன, இந்தத் தொட்டி மேல. ஏன் கேக்கீங்க? கம்ப்ரஸர் ஓடும்போது எப்படிக் கேக்கும்? நிறுத்துற சாமான் இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்.

சாமியார் வந்து ஜெபம் பண்ணினாரு. அவரு மட்டும்தான். தூக்க ஆளில்ல. கோயில்ல பொதுவா ஒரு தூம்பாப் பெட்டி இருக்கு, இந்த ஊருல செத்தவுக எல்லாரும் அதுலதான் போவாக, அதையும் குடுக்கமாட்டேன்னுட்டானுவ. சரி, மனசு மாறி வருவானுவன்னு காத்திருந்தேன். ஐஸுக்கா பஞ்சம்? என் கையால பாளம் பாளமாக் கொண்டுபோயி அவளைச் சுத்தி அடுக்கினேன். அந்தத் தொட்டில இருந்து மனுஷருக்குன்னு பிரயோசனமாப் போன ஐஸ் அது ஒண்ணுதான் தம்பி. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்குத் தாங்காது.

மறுநாள் இன்னாசி வந்தான். வாசல்லயே நின்னு அழுதான். "அத்தான், ஊரு கூடியிருக்கு. வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. தண்டத்தை நான் கட்டுதேன். அக்காவை நான் தூக்குதேன்"னான். கிளம்பினேன். சத்தியமாச் சொல்லுதேன், அந்த வார்த்தையைச் சொல்லத்தான் கிளம்பினேன். என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். கோயில் முன்னாடி மணல்ல ஊரே உக்காந்திருக்கு. எத்தனையோ காலமா எனக்கு முகம் குடுக்காதவனுவ அத்தனை பேரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கானுவ.

நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு கூட்டம் எனக்கு மறுபடி கிடைக்குமா? எடுத்துச் சொல்லுற மாதிரிச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டானுவளான்னு ஒரு ஆசை. ஆரம்பிச்சேன். செலவெல்லாம் முதல்லதான் ஆகும், பொறுத்தாத்தான் பலன், தாமதமாக ஆக வட்டி ஏறும், அதனால மறிக்காதீங்க, உலை ஓடினா விலை தானா இறங்கும்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு வாரேன். நல்லாத்தான் சொன்னேன். கிருபாகரன் சார்கூட அவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல.  முன்வரிசைல ஒரு கிழவர் எந்திரிச்சுத் துண்டை உதறிக்கிட்டுப் போனாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாக. எப்பன்னு தெரியல, இன்னாசி என் கையை விட்டுருந்தான்.

கிருபாகரன் சார்தான் ஆள் அனுப்பினாரு. உலைல ஒப்பந்தக் கூலிக்கு வந்தவனுவ, ஒடிசாவோ பீகாரோ. மஞ்சத் தொப்பியைக் கழத்தி வாசல்ல வரிசையா வச்சுட்டு உள்ள வந்தானுவ. ஐஸ் இறக்குற பலகை இருக்குல்லா, அதுல வச்சுத் தூக்கினானுவ. தலை எந்தப்பக்கம் போகணும்னு அவனுவளுக்குத் தெரியல, நான்தான் கூடவே கத்திக்கிட்டுப் போனேன். இன்னாசி தூரத்துல வந்தான், ஒரு பிடி மண்ணு போட்டான், போயிட்டான். கூலி குடுத்தா வாங்கமாட்டேன்னுட்டானுவ. அதுல ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுதான். எதுக்கு அழுதான்னு கேக்க எனக்குப் பாஷை தெரியாது.

அது போயி கொஞ்ச காலத்துல உலை ஓடிருச்சு தம்பி. ஓடிருச்சு! டவர் டவரா நட்டு என் கூரைக்கு மேலயே கம்பி போகுது. நான் அன்னைக்கு ஊருக்கெல்லாம் மிட்டாய் வாங்கி வச்சிருந்தேன், வாங்க ஆளில்ல, எறும்பு தின்னுச்சு. அடுத்த பில்லு வந்துச்சு. பழைய ரேட்டுதான். அதுக்கடுத்ததுல ஏறியிருந்துச்சு. உங்க ஆபீஸுக்கே வந்து கேட்டேன், இது அங்கேருந்து வாரதா இல்லையான்னு. எல்லாம் ஒரே கம்பில கலந்துதான் வரும் பெரியவரே, கரில இருந்து வந்தது, காத்தாடில இருந்து வந்தது, உலைல இருந்து வந்ததுன்னு பிரிக்க முடியாது, எல்லாருக்கும் ஒரே விலைன்னாக.

கிருபாகரன் சார் மாத்தலாகிப் போகும்போது சொல்லிக்க வந்தாரு. "நான் சொன்னது உலை வாசல்ல ஆகுற தயாரிப்புச் செலவு சந்தியாகு. உங்க மீட்டர் விலை இல்ல. நீங்க அப்படி எடுத்துக்குவீங்கன்னு நினைக்கல"ன்னாரு. டீயைக் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டாரு. பாவம், அவருக்கு அவரு கவலை. இப்ப வெயில்ல எடுக்குற கரண்டு இதைவிடச் சல்லிசுங்காக. டவுன்ல இருக்கிற அந்த ஐஸ்காரன் கூரை முழுக்கக் கண்ணாடிப் பலகை போட்டிருக்கான்.

ஊர் விலக்கும் தானாப் போச்சு. எடுத்தோம்னு யாரும் வந்து சொல்லல. அன்னைக்குப் படகுல போயி மறிச்சவன் மகன் இன்னைக்கு உலை வாசல்ல காவக்காரன், எனக்கு வணக்கம் வைக்கான். ஐஸ் மட்டும் டவுன்ல இருந்துதான் வருது. பழகிப்போச்சுங்கானுவ. இப்ப பக்கத்துல அடுத்த ரெண்டு உலை கட்டுதாங்க, தெரியும்லா? அது முடிஞ்சா பாருங்க, விலை கட்டாயம்...

சரி, எந்திரிச்சுட்டீங்க. மணி பாக்கீங்க. உங்களுக்கும் நாலு இடம் போகணும். உறையாட்டிப் போகுது, என்ன செய்ய? போங்க, மீட்டர் பெட்டி வாசல் பக்கம், ஏணி தேவைப்படாது. பிடுங்குங்க.

...

நின்னுருச்சு.

ஏன் தம்பி, இவ்வளவுதானா? கை பட்டதும் நின்னுருச்சே.

இருங்க, போகாதீங்க. யாரோ பேசுதாக. லூசம்மா குரலுல்லா அது? பேரன்கிட்டப் பேசுதா, "சோறு ஆறுது, வந்து தின்னு"ங்கா. சத்தம் போட்டுக் கூடப் பேசல, சாதாரணமாத்தான் பேசுதா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி அவ வீடு. என் வீட்டுக்கும் அங்கிட்டு. இங்க இம்புட்டுத் தெளிவாக் கேக்குதே. தட்டுல கரண்டி படுறது கூடக் கேக்குதே.

அடுக்களை அதைவிடப் பக்கம்.

தம்பி, அந்த பியூஸைத் திரும்ப மாட்டுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். காசை எப்படியாவது கட்டிருதேன், மாட்டுங்க. ஐஸ் வேண்டாம் தம்பி, உறைய வேண்டாம். சத்தம் மட்டும் இருந்தாப் போதும்.